வலை ஈயமும் வாசல் மணலும்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் என்று கரை நெடுக விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கடலில் வேலை இல்லாத அந்த இரண்டு மாதமும் கரையில் வேலை தலைக்கு மேல் இருக்கும். படகுக்குப் பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்து மாட்டுவது, கிழிந்த வலையைத் தைப்பது, இற்றுப்போன கயிற்றை மாற்றுவது, வலையின் அடிக்கயிற்றில் புது ஈயம் கோப்பது. இந்தக் கடைசி வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக மனதில் கிடந்தது.

வார்த்த ஈயக்குண்டு கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. ஆனாலும் கைச்செலவைக் குறைக்க வீட்டிலேயே உருக்கி ஊற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. மூன்று கல், ஒரு பழைய இரும்புச் சட்டி, எரிக்கப் பனைமட்டை. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும் என்பதால் விறகு அடுப்பே போதும். உருகியதும் மேலே சாம்பல் நிறத்தில் ஏடு படரும். கரண்டியால் அதை ஒதுக்கினால் அடியில் பளபளவென்று ஈயம். அச்சில் ஊற்றி, நடுவில் துளைக்குக் கம்பி கொடுத்து, ஆறியதும் ஒரு தட்டுத் தட்டினால் குண்டு கழன்று விழும். பார்க்கச் சலிக்காத வேலை. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஒதுக்கிய ஏடு என்ன ஆகிறது? கரண்டியைப் பக்கத்து மணலில் இரண்டு தட்டுத் தட்டி உதறிவிடுவார்கள். அந்த ஏடு ஈய ஆக்சைடு. காய்ந்தால் மாவாக உதிரும். மறுநாள் அதே மணலில் பிள்ளைகள் சோறாக்கி விளையாடுவார்கள்.

மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். எதைப் பார்த்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கிற பழக்கம். மாசுபடாத மண்ணில் கிலோவுக்கு 10 முதல் 50 மில்லிகிராம் வரை ஈயம் இயற்கையாகவே இருக்கும். குழந்தைகள் விளையாடும் மண்ணில் 400-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பல ஆண்டுகள் வைத்திருந்தது. 2024-இல் வீட்டு மண்ணுக்கான அந்த அளவை 200 ஆக்கியது. 200 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் ஈயம் ஐந்து கிலோ மணலைக் கெடுக்கப் போதும். ஒரு கிலோ ஈயம் தூளாகிச் சிதறினால் ஐந்து டன் மணல். மேல்மண் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்று அதைப் பரப்பிப் பார்த்தால் ஒன்றரை சென்ட் நிலத்துக்கு மேல் வரும். கரையோரத்தில் ஒரு சின்ன வீடும் அதன் வாசலும் அடங்குகிற இடம் அது. ஒரு கிலோ ஈயம் என்பது ஒரு கைப்பிடிக் கட்டி.

அது மக்காது, மழையில் கரைந்து ஓடியும் போய்விடாது. போட்ட இடத்தில் மேல்மண்ணோடு ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும்.

ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும் பெரியவர்களின் குடல் உறிஞ்சுவதைப் போல நான்கைந்து மடங்கைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச்சத்தோ கால்சியமோ குறைந்த குழந்தை என்றால் இன்னும் கூடுதல். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. ரத்தத்தில் உள்ளது மாதக் கணக்கில் இறங்கும்; எலும்பில் ஏறியது பத்து இருபது வருடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பாதிப்பு மூளையில். வகுப்பில் நிலையாக உட்கார முடியாத, எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையை நாம் மக்கு என்கிறோம். கடற்கரைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று காது கூசச் சொல்லிவிட்டுப் போகிற ஆட்களையும் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை தவழ்ந்த மணலில் என்ன கிடந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஆபத்தில்லாத அளவு என்று ஈயத்துக்கு ஒன்றும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 5 மைக்ரோகிராம் தொட்டாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்தச் சொல்கிறது அதன் 2021 வழிகாட்டி.

யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 80 கோடிக் குழந்தைகள் இந்த 5-ஐத் தாண்டியிருப்பதாக மதிப்பிட்டது. அதில் இந்தியக் குழந்தைகள் 27.5 கோடி. உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2023-இல் போட்ட கணக்கில், 2019 என்ற ஒரே ஆண்டில் ஈயத்தால் வந்த இதய நோய்களில் இறந்த பெரியவர்கள் 55 லட்சம் பேர். உயிரிழப்பும் அறிவுத்திறன் இழப்புமாகச் சேர்ந்த நஷ்டம் 6 லட்சம் கோடி டாலர். இவ்வளவு பெரிய எண்ணைப் படித்தால் மலைப்புத்தான் வருகிறது. ஒரு வாசல் மணலை வைத்து யோசித்தால்தான் எனக்குப் பிடிபடுகிறது.

வலைக்கு வரும் ஈயத்தில் ஒரு பகுதி காயலான் கடை வழியாகத்தான் வருகிறது. உலகில் தோண்டியும் மீட்டும் எடுக்கிற ஈயத்தில் 85 சதவீதத்துக்கு மேல் பேட்டரிக்குப் போகிறது. ஒரு பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். இன்வெர்ட்டர், ஆட்டோ, லோடு வண்டி, படகின் விளக்கு, ஜிபிஎஸ் என்று எங்கள் பக்கத்திலும் செத்த பேட்டரிகள் குவிகின்றன. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரித்து விற்ற கம்பெனியே பழையதைத் திரும்ப எடுத்து, பதிவுபெற்ற ஆலையில் உருக்க வைக்க வேண்டும். கீழக்கரைப் பக்கம் பழைய சாமான் எடுக்கும் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) இதைக் கேட்டேன். "முழுசாக் குடுத்தா ஒரு வெல, ஒடச்சு ஈயமாக் குடுத்தா ஒரு வெலக்கா. ஒடைக்கிறவன் எங்க ஒடைக்கிறான்னு நான் போயிப் பாக்க முடியுமா?" என்றார். உடைக்கிற இடத்தில் அமிலமும் ஈயத்தூளும் சேர்ந்து மண்ணில் இறங்கும். வலைக்குண்டு ஊற்றும் இடத்தை விட அது பல மடங்கு கேடு.

இந்த இரண்டு வேலையும் ஒரே மணலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஊர் இருக்கிறது. செனகல் தலைநகர் டக்காரை ஒட்டிய தியாரோய்-சுர்-மேர். மீன்பிடி ஊர், கடற்கரை மணல். அங்கே கொல்லர்கள் பல வருடங்களாகப் பழைய கார் பேட்டரியை உடைத்து, ஈயத்தை உருக்கி, மீன்வலைக்குக் குண்டு ஊற்றிக் கொடுத்துவந்தார்கள். கசடு மணலில் சேர்ந்துகொண்டே இருந்தது. உலகச் சந்தையில் ஈய விலை ஏறியது. அந்த ஏற்றத்துக்குச் சீனாவோடு நம் நாட்டின் தேவையும் ஒரு காரணம். ஒரு வியாபாரி வந்து, மணலில் கிடக்கும் ஈயத்துக்கே கிலோவுக்கு இவ்வளவு என்று விலை சொன்னார். பெண்கள் மணலை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்தார்கள். வீட்டுக்குள்ளேயே தூசி பறந்தது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்தப் பகுதியில் 18 குழந்தைகள் இறந்தார்கள். வலிப்பு வந்து, காரணம் புரியாமல். இறந்த பிள்ளைகளின் உடன்பிறந்தோரையும் தாய்மாரையும் சோதித்தபோது ஒவ்வொருவர் ரத்தத்திலும் ஈயம் ஏறியிருந்தது.

அந்தப் பெண்களை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. சலிக்கிற கை எனக்குத் தெரிந்த கை. வீட்டில் அரிசி இல்லாத நாளில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒருவர் வந்து சொன்னால், எங்கள் தெருவிலும் சல்லடையை எடுத்துக்கொண்டுதான் போயிருப்போம்.

மணலில் விழுந்துவிட்ட ஈயத்தை எடுக்கப் பணம் செலவழிப்பது ஏழை நாட்டுக்குக் கட்டுமா? இந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பணம் ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் தடுப்பூசிக்கோ கக்கூஸ் கட்டவோ அங்கன்வாடிக் கட்டடத்துக்கோ குறையும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது. அப்படி இருக்கும்போது மண்ணைச் சுரண்டக் காசு கேட்கிறவர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் தெம்பு கொடுத்த பதில் வியட்நாமின் தோங் மாய் கிராமத்திலிருந்து வந்தது. ஊரே பேட்டரி உருக்குவதில் பிழைத்த இடம். உருக்குகிற வேலையை வீடுகளிலிருந்து ஊருக்கு வெளியே கொண்டுபோன பிறகும் வாசல் மண் நஞ்சாகவே கிடந்தது. 2013-க்கும் 2015-க்கும் இடையில் அங்கே நடந்த வேலையில் ஆடம்பரம் எதுவும் இல்லை. கெட்ட மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றாமல், அதன் மேலேயே நல்ல மண்ணையும் தளத்தையும் போட்டு மூடினார்கள். வீட்டுக்குள் படிந்த தூசியைக் கழுவினார்கள். உருக்கும் இடத்திலிருந்து வருகிறவர்கள் குளித்து உடுப்பு மாற்ற ஒரு கட்டடம் கட்டினார்கள். ஊராரிடம் திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஆன செலவு தலைக்கு 20 டாலருக்குள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் 67 சதவீதம் குறைந்தது.

டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 20 டாலர் 1,700 ரூபாய். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 6,800. தடைக்கால நிவாரணமாக ஒரு மீனவக் குடும்பத்துக்கு அரசு கொடுப்பது 8,000 ரூபாய். ஒரு வருட நிவாரணத்தை விடக் குறைந்த தொகையில், அந்த வீட்டில் இன்று தவழும் பிள்ளைக்கும் நாளை பிறக்கப்போகும் பிள்ளைக்கும் வாசல் சுத்தமாகும். மருந்துக்குச் செலவழித்தால் ஒரு பிள்ளையோடு முடிந்தது. மூடிய மணல் அந்த வாசலில் வளரப்போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் காவல். செலவுக் கணக்கை எழுதுகிறவர்கள் அந்தப் பிறக்காத பிள்ளைகளையும் வரவில் எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஆனால் எல்லா இடத்திலும் இதே கணக்கு வருவதில்லை. பங்களாதேஷின் காத்கோராவில், கைவிடப்பட்ட பேட்டரி உருக்கும் இடங்களைச் சுற்றியுள்ள வீடுகளில் மண்ணை எடுத்து, வீடுகளையும் சுத்தம் செய்தார்கள். 14 மாதம் கழித்துப் பார்த்தபோது குழந்தைகளின் ரத்த ஈயம் சராசரியாக 21-இலிருந்து 14-க்கு இறங்கியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு. நல்ல இறக்கம்தான். ஆனால் ஈயத்தில் ஒரு கொடுமை இருக்கிறது. ஈய பாதிப்பை ஆராயும் புரூஸ் லேன்ஃபியரும் கூட்டாளிகளும் 2005-இல் பல நாட்டுக் குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ரத்த ஈயம் 2.4-இலிருந்து 10-க்கு ஏறும்போது அறிவுத்திறன் மதிப்பெண்ணில் 3.9 போகிறது. 10-இலிருந்து 20-க்கு ஏறும்போது 1.9. 20-இலிருந்து 30-க்கு 1.1. முதலில் ஏறும் கொஞ்சம்தான் அதிகமாகத் தின்கிறது.

செலவுக் கணக்கில் இதற்குப் பெரிய பொருள் உண்டு. அதே அட்டவணையை வைத்து நான் கூட்டிப் பார்த்தேன். 21-இலிருந்து 14-க்கு இறக்கினால் ஒரு குழந்தைக்குக் காப்பாற்றிக் கொடுப்பது ஒன்றேகால் மதிப்பெண். 7-க்கு இறக்கினால் மூன்றரை. இறக்கம் இரண்டு மடங்கு, பலன் இரண்டரை மடங்குக்கும் மேல். பாதி வேலை செய்து, போட்டோ எடுத்து, போர்டு வைத்துவிட்டுப் போனால் செலவில் பெரும்பகுதி ஆகிவிட்டிருக்கும், பலனில் பெரும்பகுதி வந்திருக்காது. வாசலை மூடிவிட்டு வீட்டுக்குள் கிடக்கும் தூசியை விட்டால் பாதி வேலை. மணலை மாற்றிவிட்டு மஞ்சள்தூளை விட்டால் அதுவும் பாதி வேலை.

மஞ்சள்தூள் என்று சொன்னதும் ஒரு விஷயம். பங்களாதேஷில் மஞ்சள் பளிச்சென்று தெரிவதற்காக ஈயக் குரோமேட் என்ற, ஈயம் உள்ள மஞ்சள் நிறப்பொடியைக் கலந்தார்கள். 2019-இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் அது இருந்தது. ஆய்வாளர்களும் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சேர்ந்து சோதனை, பத்திரிகைச் செய்தி, மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் என்று இறங்கினார்கள். 2021-இல் அது பூஜ்யம். நாடு முழுவதற்கும் ஆன செலவு சொற்பம். நம் நாட்டிலும் பெட்ரோலில் ஈயம் 2000-இல் நின்றது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) உச்சவரம்பு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு கையெழுத்தில் கோடிக் கணக்கான பிள்ளைகள். இதைப் பார்த்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று மண்ணைச் சுரண்டுவதை விடச் சட்டத்துக்கே காசைப் போடலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நாளை முதல் ஒரு துளி ஈயமும் விழாது என்று ஆகிவிட்டாலும், நேற்று விழுந்தது அந்த வாசலிலேயே கிடக்கும். சட்டம் தொட முடியாத அந்தப் பிள்ளைகள் எண்ணிக்கையில் கொஞ்சம். ஒவ்வொருவர் உடம்பிலும் ஏறுவது அதிகம். சட்டம் காக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பிள்ளைகளுக்குமான பணத்தை ஒரே தராசில் வைத்து, கனமான தட்டுக்கே எல்லாவற்றையும் கொட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மண் வேலையில் பணம் வீணாகும் இடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாம்பியாவின் கப்வேயில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கிய ஈயச் சுரங்கம் 1994-இல் மூடியது. உலக வங்கிப் பணத்தில் வீட்டு மண்ணைச் சுத்தம் செய்யும் வேலைகள் நடந்தன. ஆனால் சுரங்கக் கழிவு மேடு திறந்தே கிடந்தது. காற்று அடிக்கிறது, தூசி திரும்ப வந்து படிகிறது, பிள்ளைகளின் ரத்தம் திரும்ப ஏறுகிறது. ஆடி மாதம் கச்சான் காற்று எங்கள் வீட்டுப் பாத்திரத்திலெல்லாம் மணலை வாரிப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊற்று வாயை அடைக்காமல் மணல் மாற்றினால் அந்தப் பணம் காற்றோடு போகும்.

நைஜீரியாவின் சம்ஃபாராவில் நடந்தது வேறு. 2010-இல் தங்கத் தாதுவை வீட்டு முற்றத்திலேயே அரைத்ததில் அதிலிருந்த ஈயம் பரவி 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அங்கே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தது: முதலில் ஊர் மண், பிறகு மருந்து. மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றிய பிள்ளையை அதே முற்றத்துக்கு அனுப்பினால் மறுபடி ஏறும். பகேகா கிராமத்துப் பிள்ளைகள் மண் வேலைக்குப் பணம் வருவதற்காக 2013 வரை காத்திருந்தார்கள். செய்த வேலையோ எளியது: உள்ளூர் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, மண்வெட்டியால் மேல்மண்ணை வழித்து, நல்ல மண் பரப்பி, கெட்டதை ஊருக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்தார்கள். தாமதத்துக்குக் காரணம் வேலையின் கஷ்டம் இல்லை, பணம் வராததுதான். அந்தக் காத்திருப்பில் போன வருடங்களை எந்தச் செலவுக் கணக்கும் காட்டுவதில்லை.

எங்கள் கரைக்கு வருகிறேன். இங்கே கப்வே மாதிரிச் சுரங்கம் இல்லை. ஈயம் விழுந்த இடம் என்றால் ஒரு வாசலின் மூலை, வலை காயப்போடும் திட்டு, பேட்டரி உடைத்த ஒரு கொட்டகை. சின்னச் சின்ன இடங்கள். சின்ன இடம் என்றால் செலவும் சின்னது. முதலில் சொன்ன ஒன்றரை சென்ட் வாசலில் ஐந்து சென்டிமீட்டர் வழித்தால் ஒரு யூனிட் மணலுக்குச் சற்றுக் கூட வரும். ஒரு டிராக்டர் நடை. கஷ்டம் அந்த இடங்கள் எவை என்று கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அதற்குக் கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவி உண்டு. மண்ணில் வைத்தால் சில விநாடிகளில் ஈயத்தின் அளவைக் காட்டும். விலை பல லட்சம். ஆனால் ஒரே கருவி தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கரை முழுக்கச் சுற்றிவர முடியும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடத்தில் சொல்லிவிடும் சிறு கருவியும் உண்டு. அங்கன்வாடியில் வைத்தே பார்க்கலாம். மண் வேலைக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் ரூபாய் அளப்பதற்குப் போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அளக்காமல் ஊர் முழுக்க மண் அள்ளினால் கான்ட்ராக்ட் பெரிதாகும். பிள்ளைகளுக்கு மிச்சம் ஒன்றும் இராது.

ஓர் அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேசப் போனபோது, "அள்ளின மண்ண எங்கம்மா கொண்டுபோய்ப் போடுவீங்க?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அபாயகரமான கழிவைப் புதைக்க அரசு அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும், எங்கள் கரையை ஒட்டி அப்படி எதுவும் இல்லை. லாரி வாடகையே வேலையின் செலவை மிஞ்சும். இங்கேயே ஆழக் குழி வெட்டலாம் என்றால், நாலு முழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடுகிற கரை இது. பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த நீருக்குள் ஈய மண்ணைப் புதைக்க எனக்குச் சம்மதம் இல்லை. அதனால்தான் தோங் மாய் வழி எங்கள் நிலத்துக்குப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். கடுமையாகக் கெட்ட கொஞ்சத்தை மட்டும் மூட்டை கட்டி அந்த அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பலாம். மிச்சத்தின் மேல் கனத்த துணி விரித்து, நல்ல மணல் கொட்டி, அதன் மேல் சிமென்ட் கல் பதித்துவிடலாம். துணி எதற்கென்றால், பிற்பாடு யாராவது குழி தோண்டும்போது துணி தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

இன்னொரு வழியைப் படித்தபோது மனம் துள்ளியது. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் சவுத் பிரெஸ்காட் என்ற குடியிருப்பில் 2011-இல் சுற்றுச்சூழல் முகமை வீட்டுத் தோட்டங்களில் அரைத்த மீன்முள்ளைக் கலந்தது. முள்ளில் உள்ள பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து கரையாத கல்லாக மாறிவிடுகிறது. வயிற்றுக்குள் போனாலும் உடம்பு எளிதில் உறிஞ்சாது. மீன்முள்ளுக்கு எங்களிடம் பஞ்சமா? ஆனால் எங்கள் மணலில் சிப்பித் துகள் அதிகம், சுண்ணாம்புத் தன்மை உள்ளது. இந்த வேதிமாற்றம் மண்ணின் புளிப்பையும் காரத்தையும் பொறுத்தது. எங்கள் மணலிலேயே ஒரு சின்னத் திட்டில் போட்டு அளந்து பார்த்த பிறகுதான் இதற்குப் பணம் கேட்பேன். கேட்கத் தகுந்த விஷயம் என்பதில் சந்தேகமில்லை.

ஊற்று வாய்க்குத் திரும்ப வேண்டும். மணலை மூடிய அடுத்த தடைக்காலத்தில் அதே வாசலில் சட்டி ஏறினால் எல்லாம் வீண். வலைக்காரர் ஒருவரிடம் ஈயத்தை விட்டுவிடலாமா என்று பேசிப் பார்த்தேன். "இரும்பு போட்டா துருப்பிடிச்சுக் கயித்த அறுக்கும், தாயி. சிமென்ட்டுக்குண்டு ஈயத்தாட்டம் கனம் வேணும்னா பெருசாத்தான் இருக்கும், பாருல (கடலடிப் பாறையில்) போயி மாட்டும். நீங்க சொல்றது புரியாம இல்ல. மாத்து என்னன்னு சொல்லுங்க" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஈயம் தண்ணீரைப் போல 11 மடங்கு கனம், இரும்பு எட்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மாற்றுக்குண்டு கடலில் போட்டுப் பார்த்து வரும்வரை ஈயத்தை ஒரே நாளில் விடச் சொல்ல எனக்கு வாய் வராது. வாசலை விட்டு அதை வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். கேட்பார்கள். சொன்னதும் அவர் வீட்டம்மா, "அந்தச் சட்டிய மொதல்ல அடுப்படிப் பக்கம் கொண்டுவராம இருக்கச் சொல்லுங்கக்கா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

மே 1 கிராம சபை நாள். தடைக்காலத்துக்கு நடுவில் வருகிறது, ஆண்கள் எல்லாம் கரையில் இருப்பார்கள். இந்த முறை எங்கள் குழுவிலிருந்து ஒரு தீர்மானம் கொண்டுபோகிறோம். ஈயம் உருக்குவதற்கென்று ஊருக்கு ஒரு பொதுக் கொட்டகை: வீடுகளிலிருந்து தள்ளி, கச்சானும் வாடையும் புகையை ஊருக்குள் தள்ளாத இடத்தில், சிமென்ட் தரையோடு, பிள்ளைகள் வராதபடி கதவோடு, கைகால் கழுவக் குழாயோடு. ஏட்டைப் போட்டு வைக்க மூடியுள்ள தகர டப்பா. அது நிறைந்தால் பதிவுபெற்ற ஆலைக்கு விற்றுக்கொள்ளலாம், அதிலும் ஈயம் இருக்கிறது. பழைய பேட்டரியை உடைக்காமல் முழுதாகக் கொடுப்பவருக்கு, உடைத்த ஈயத்துக்குக் கிடைக்கும் அதே விலை வரும்படி கூட்டுறவுச் சங்கம் வழியாக வாங்க ஏற்பாடு. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு ரத்தச் சோதனை, இதுவரை ஈயம் உருக்கிய வாசல்களில் மண் சோதனை, இரண்டையும் மாவட்ட நிர்வாகம் தடைக்காலம் முடிவதற்குள் நடத்த வேண்டும். உருக்கிய குடும்பத்தின் மேல் வழக்கோ அபராதமோ கூடாது என்று தனி வரி எழுதியிருக்கிறோம். அந்தப் பயம் இருந்தால் ஒருவரும் இடத்தைக் காட்ட மாட்டார்கள். அளந்து வந்த பிறகு எந்த வாசலில் எத்தனை பிள்ளைகள், எவ்வளவு ஈயம் என்று பட்டியல் போட்டு, மேலே உள்ளதிலிருந்து கல் பதிக்கத் தொடங்குவது. தீர்மானத்தோடு செலவு மதிப்பீடும் ஒரு தாளில் வைத்திருக்கிறோம். கூட்டல் நான் போட்டது. கையெழுத்து இதுவரை மகளிர் குழுவுடையது மட்டும். வலைக்காரர்களின் கையெழுத்தை இந்த வாரம் வாங்குகிறோம்.